பி.ஆர். கணக்கில் அம்மாவுக்கு நாள் இல்லை

கோயமுத்தூரில் கனடா பி.ஆர். வைத்திருப்பவர்களோடு பேச உட்கார்ந்தால், கொஞ்ச நேரத்தில் பேச்சு நாள் கணக்கில் வந்து நிற்கும். "இன்னும் எத்தனை நாள் பாக்கிங்க?" என்று கடன் பாக்கி மாதிரியே கேட்பார்கள். அந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்று மூலத்தைப் படித்தவர்கள் குறைவு. கனடாவின் குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு அது. சின்னப் பிரிவுதான், ஆனால் அதில் யாருக்கு என்ன மதிப்பு என்பது நன்றாகவே தெரிகிறது.

விதி எளிது. ஐந்து ஆண்டில் 730 நாள் கணக்கில் இருக்க வேண்டும், விட்டுவிட்டு இருந்தாலும் சரி. (கார்டு காலாவதியானால் பி.ஆர். போய்விடும் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். அப்படி இல்லை. அதிகாரி விதிமீறல் என்று முடிவெடுத்து, மேல்முறையீடும் முடிந்தால்தான் போகும்.)

2002 ஜூனுக்கு முன் வேறு முறை இருந்தது. பழைய சட்டம் எண்ணத்தைக் கேட்டது. 12 மாதத்தில் 183 நாளுக்கு மேல் வெளியே இருந்தால், கனடாவைக் கைவிடும் எண்ணம் தனக்கில்லை என்று அவரே நிரூபிக்க வேண்டும். மனசுக்குள் இருப்பதை எப்படி நிரூபிப்பது? அதிகாரியின் மூடைப் பொறுத்த விசயமாகிவிடும். அமெரிக்க கிரீன் கார்டில் இன்னமும் அந்தத் தலைவலி உண்டு. அந்த வகையில் நாள் கணக்கு முன்னேற்றம்தான், அதை மறுக்கவில்லை.

இனி ஒரு உதாரணம், கற்பனைதான். பீளமேட்டுப் பையன் ஒருவன் 2021 ஜூன் 1 அன்று டொரான்டோவில் இறங்குகிறான். ஒரே பிள்ளை; கொங்குப் பக்கம் ஒத்தைப் பிள்ளையோடு நிறுத்திக்கொண்ட குடும்பங்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். 2022 டிசம்பர் கடைசியில் அம்மாவுக்குப் பக்கவாதம், ஊருக்கு வந்துவிடுகிறான். அதுவரை சேர்ந்தது 579 நாள். மீதி 151. முதல் ஐந்தாண்டு 2026 மே 31 அன்று முடிகிறது. ஆக 2026 ஜனவரி 1 அன்று அவன் அங்கே இருந்தாக வேண்டும். மூன்று முழு வருசம் கையில் இருக்கிறதே, தாராளம்தானே என்று தோன்றும். அம்மா நான்காவது வருசமும் உயிரோடு இருந்தால்?

ஜூன் 1 அன்று திரும்பிப் போனால் நிலைமை இன்னும் விசித்திரம். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் பின்னோக்கி ஐந்து ஆண்டு பார்ப்பார்கள். இந்தப் பக்கம் ஒரு நாள் சேரும்போது 2021இலிருந்து ஒரு நாள் உதிரும். ஓட்டை வாளியில் தண்ணி இறைக்கிற கதை. 2027 முடியும்வரை 579 அசையவே அசையாது. முழுசாக இரண்டு வருசம் ஊர்ப்பக்கம் தலைகாட்டாமல், கார்டு புதுப்பிக்கக்கூடக் கேட்காமல் கமுக்கமாக உட்கார்ந்திருப்பவர்கள் இதனால்தான் இருக்கிறார்கள்.

இவ்வளவு கறாரான சட்டம், வெளிநாட்டில் இருந்த நாளையும் சில பேருக்குக் கணக்கில் சேர்க்கிறது. என் விமர்சனம் இந்த இடத்தில்தான். கனடிய நிறுவனம் ஒன்று தன் முழுநேர ஊழியரை இங்கே பணிக்கு அனுப்பினால், அவர் சரவணம்பட்டி ஆபீசில் உட்கார்ந்த நாளெல்லாம் கனடாவில் இருந்த நாள். கனடா குடியுரிமை பெற்ற மனைவியோடு சேர்ந்து பொள்ளாச்சியில் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் நாள் சேரும் (யார் யார் பின்னால் போனார்கள் என்று சண்டை வந்ததும் உண்டு). படுத்த படுக்கையான அம்மாவைத் தூக்கி உட்கார வைத்த நாளுக்கு மட்டும் பூஜ்யம்.

அம்மாவுக்கு வழியே இல்லை என்று சொல்ல முடியாது. மனிதாபிமான, கருணை அடிப்படையில் விதிமீறலைப் பொறுக்கலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. ஆனால் அது பொறுத்துக்கொள்வது மட்டும்தான். கம்பெனி ஊழியர் உரிமையோடு கேட்பதை மகன் கும்பிட்டுக் கேட்க வேண்டும். ஏன் போனாய், ஏன் அங்கேயே தங்கினாய், அங்கே உனக்கு என்ன வேர் இருக்கிறது என்றெல்லாம் பார்ப்பார்கள். திரும்ப முடிந்த முதல் நியாயமான வாய்ப்பிலேயே திரும்ப முயன்றாயா என்றும் ஒரு கேள்வி வரும். அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் போனவனுக்கு முதல் வாய்ப்பு எது? இந்தக் கேள்வியை எழுதியவர்கள் ஒரு சீக்கின் ஆரம்பத்தையும் முடிவையும் காலண்டரில் குறிக்க முடியும் என்று நினைத்திருக்க வேண்டும்.

2015 டிசம்பரில் கனடா உச்ச நீதிமன்றம், ஈழத்திலிருந்து போன ஒரு தமிழ் இளைஞரின் வழக்கில், கருணை என்பதை இவ்வளவு துன்பம் இருந்தால்தான் என்று தராசு வைத்துப் பார்க்கக் கூடாது, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் அது கருணையின் வாசலைத்தான் அகலமாக்கியது. கணக்கு அப்படியே இருக்கிறது.

பராமரிப்பு நாளையும் சேர்த்தால் ஆளாளுக்குப் பொய்ச் சான்றிதழ் கொண்டுவருவார்கள் என்பார்கள். வருவார்கள்தான். கம்பெனி சலுகைக்கும் லெட்டர்பேடு கம்பெனிகள் முளைத்தன. அதற்காகச் சலுகையை எடுத்துவிடவில்லை, பி.ஆர். காப்பாற்றுவதற்காகவே நடத்தும் கம்பெனி செல்லாது என்று விதிமுறையில் ஒரு வரி இருக்கிறது. அம்மாவுக்கும் ஒரு வரி எழுதலாம். ஒரே பிள்ளை, மருத்துவப் பதிவு, அதிகபட்சம் ஓர் ஆண்டு என்று எல்லை வைத்தாலும் சரி.

"அம்மாவை அங்கேயே கூட்டிட்டுப் போயிடலாமே" என்று கேட்பவர்களுக்கு: பெற்றோருக்கான நிரந்தர வதிவிடத் திட்டத்தில் 2020இல் பெயர் கொடுத்தவர்களின் பட்டியலிலிருந்தே அடுத்த பல வருசம் அழைப்பு அனுப்பினார்கள். பிறகு பி.ஆர். வாங்கியவர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. மிச்சம் இருப்பது சூப்பர் விசா. ஒருமுறை போனால் ஐந்து வருசம்வரை தங்கலாம். ஆனால் காப்பீடு எடுத்தாக வேண்டும், மருத்துவப் பரிசோதனையிலும் தேற வேண்டும். பக்கவாதம் வந்த அம்மாவை வைத்துக்கொண்டு இரண்டையும் முயன்று பாருங்கள்.