படமும் அதன் உட்பொதிந்த சான்றும்: செயற்கை நுண்ணறிவுப் படங்கள் பற்றிய ஒரு நோக்கு

செயற்கை நுண்ணறிவுப் பொறிகளால் ஆக்கப்படும் படங்களைப் பற்றி எழுதுவோருள் ஒரு சாரார் அவற்றைக் கலையென ஏற்பர். மறு சாரார் களவென ஒதுக்குவர். இரு சாராரும் படத்தின் மேற்பரப்பை மாத்திரம் நோக்கியே தீர்ப்புக் கூறுகின்றனர். இப்படங்களுட் கணிசமானவை தாம் ஆக்கப்பட்ட முறை பற்றிய எழுத்துச் சான்றினைத் தம் கோப்பினுள்ளேயே தாங்கியுள்ளன. அச்சான்றினை மீட்டு வாசித்தல் திறனாய்வின் பணிகளுள் ஒன்று என்பதே எமது கருத்து.

பி.என்.ஜி. எனும் படக்கோப்பு வடிவம் 1996இல் வகுக்கப்பட்டது. 8 பைற்று நீளமான முகப்புக் குறியை அடுத்து அது பல துண்டங்களாய்த் தொடர்வது. நிறங்களைத் தாங்கும் துண்டங்களோடு வெறும் எழுத்தைத் தாங்கும் துண்டங்களும் அதில் இடம்பெறலாம். படத்தைத் திரையிற் காட்டும் செயலிகள் அவ்வெழுத்தைப் பொருட்படுத்துவதில்லை. 2022 ஓகஸ்டில் ஸ்டேபிள் டிஃபியூசன் எனும் படவாக்க மாதிரி பொதுமக்கள் கைக்கு வந்தபின், அதனை இயக்குதற்கு எழுந்த ஓட்டோமேட்டிக் 1111 எனும் இடைமுகம் இந்த எழுத்துத் துண்டத்தையே பயன்படுத்திக்கொண்டது. பொறிக்கு இடப்பட்ட ஏவல் வாசகம், வேண்டாதவற்றைச் சுட்டும் விலக்கு வாசகம், படிமுறைகளின் தொகை, தொடக்க இரைச்சலைத் தீர்மானிக்கும் வித்தெண், மாதிரியின் பெயர் ஆகியன அதிற் பதிவாகின்றன. சாதாரண எழுத்துப் பதிப்பியொன்றிற் கோப்பைத் திறந்தாலே இவற்றைப் பெரும்பாலும் வாசித்துவிடலாம். நொவெல் ஏ.ஐ. எனும் சேவையின் முறை இதனினும் நுட்பமானது. ஒவ்வொரு படப்புள்ளியின் ஒளிபுகு தன்மையைக் குறிக்கும் எண்ணில், கடைசி இருமக்கூற்றினை மாற்றி அதனுள்ளும் செய்தியை ஒளித்துவைக்கின்றது. 255 என்பது 254 ஆவதைக் கண் அறியாது. எழுத்துத் துண்டங்கள் அகற்றப்பட்டாலும் இப்பதிவு எஞ்சும்.

இவ்வாறு மீட்கப்படும் வாசகங்கள் எத்தகையன? 'தலைசிறந்த படைப்பு', 'மிகவுயர்ந்த தரம்' என்பன ஏவலாகவே இடப்படுகின்றன. இரசனையின் முடிவாக வரவேண்டிய மதிப்பீடு, இங்கு உற்பத்தியின் தொடக்கத்தில் ஒரு கட்டளையாய் நிற்கின்றது. விலக்கு வாசகத்திலோ 'மிகையான விரல்கள்', 'பிழையான கைகள்' எனப் பொறியின் இயலாமைகள் வரிசையாக வரும். ஓவியரின் பெயர்கள் வருமிடமே யாவற்றினும் முக்கியமானது. போலந்து நாட்டு ஓவியர் கிரெக் ருட்கோவ்ஸ்கியின் பெயர், லெக்சிகா எனும் திரட்டில் ஏறத்தாழ 93,000 தடவை ஏவலாக இடப்பட்டிருந்ததென 2022 செப்டெம்பரிற் செய்தி வெளியாயிற்று. படங்களை மட்டும் நோக்கி 'இது அவர் பாணி போலும்' என ஐயுறுவோர்க்கு, கோப்பினுள் இருக்கும் பெயர் நேரடிச் சான்றாகின்றது.

இதனை மறைக்க விழைவோரும் உளர். 2022இற் கொலராடோ மாநிலக் கண்காட்சியில், மிட்ஜேர்னி கொண்டு ஆக்கிய படத்திற்காக ஜேசன் அலன் எண்முறைக் கலைப் பிரிவிற் பரிசு பெற்றார். தம் ஏவல் வாசகத்தை அவர் வெளியிட மறுத்தார். குறைந்தது 624 தடவை ஏவல்களைத் திருத்தி இட்டதாக அவர் வாதிட்டும், அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2023 செப்டெம்பரில் அவர் கோரிக்கையை ஏற்கவில்லை. பிறர் உழைப்பினைப் பொதுச்சொத்தாய்க் கொண்டு, தன் வாசகத்தை மட்டும் தொழில் இரகசியமாய்ப் பேணும் இம்மனப்பாங்கு தனியுடைமைக்கே உரியது.

ஆயின் மீட்கப்பட்ட சான்றினை அப்படியே நம்புதலும் தகாது. அதனை எவரும் திருத்தலாம். ஒரு படத்தின் பதிவை வேறொன்றில் ஒட்டலாம். கோப்பு ஜே.பி.ஜி. ஆக மாற்றப்படும்போது எழுத்துத் துண்டங்கள் பெரும்பாலும் அழிந்துபோம். ஆகவே பதிவு இன்மை எதனையும் நிறுவாது. பதிவு இருப்பின் அதனைச் சோதிக்க வழியுண்டு. அதே மாதிரி, அதே வித்தெண், அதே வாசகம் முதலிய அமைவுகள் யாவற்றையும் கொண்டு மீண்டும் ஆக்கினால், கணிப்பொறி வேறுபாட்டால் எழும் சிறு மாற்றங்கள் நீங்கலாக, அதே படம் கிடைத்தல் வேண்டும். கிடையாதவிடத்துப் பதிவு ஐயத்துக்குரியது. ஏடுகளை ஒப்புநோக்கும் பதிப்பாசிரியர் இம்முறையை இலகுவில் விளங்கிக்கொள்வர்.

எமது முதன்மையான ஆட்சேபம் வேறொன்று. மாதிரியைக் குறிக்க இப்பதிவில் ஒரு பெயரும் சில எழுத்துக்களாலான குறியும் மட்டுமே உள்ளன. ஸ்டேபிள் டிஃபியூசனின் பயிற்சிக்கு, லாயன் 5பி எனும் தொகுப்பின் பகுதிகள் பயன்பட்டன. அத்தொகுப்பிற் படங்களின் இணைய முகவரிகளும் அவற்றுக்குரிய விளக்கங்களுமாக 585 கோடி இணைகள் இருந்தன. அப்படங்களை வரைந்தோர், எடுத்தோர், விளக்கம் எழுதியோர் ஆகிய எவருக்கும் இச்சான்றில் இடமில்லை. ருட்கோவ்ஸ்கியின் பெயர் பதிவில் வருவதுகூட, பயனர் அதனை ஏவியமையால் நேர்ந்ததேயன்றி அவரது உழைப்பு கணிக்கப்பட்டமையால் அன்று. அவர் பெயரை ஏவாது அதே பாணியைப் பெறும் பயனரின் கோப்பில் அவர் அறவே இல்லை. படத்தை ஆக்கியோர் தம் வித்தெண்ணைக் கடைசி இலக்கம் வரை பதிந்து வைக்கின்றனர். மாதிரியை ஆக்கிய நிறுவனங்களும் தம் மூலப்பொருளின் பட்டியலை அவ்வாறே வெளியிடுமாறு கோருவதற்குத் திறனாய்வாளருக்கும் ஓவியருக்கும் உரிமையுண்டு.