பெயர முடியாத தாய்: மார்ட்டினின் ராய்ன் ஆறும் நதித்தெய்வத்தின் இடப்பெயர்வும்

ஆய்வுச் சுருக்கம்

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் படைத்த மிகுபுனைவு உலகில் ராய்ன் ஆற்றைத் தாயாகத் தொழும் ராய்னார் மக்கள் போரில் தோற்றுக் கடல் கடக்கின்றனர். ஆற்றை வணங்கும் ஓர் அரசைப் புனைவில் கட்டுவதன் உண்மையான இடர், அம்மக்கள் ஆற்றைவிட்டு நீங்கும்போதே வெளிப்படுகிறது என்பதை இக்கட்டுரை அப்படைப்பின்வழி ஆராய்கிறது. நீரைப் பெயர்த்துச் செல்லும் சடங்குமுறையைப் பெற்ற தமிழ் மரபு இதற்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மிகுபுனைவு, நதித்தெய்வம், ராய்னார், இடப்பெயர்வு, மணிமேகலை, பரிபாடல்

முன்னுரை

மிகுபுனைவு எழுதுவோருக்கு ஆற்றை வணங்கும் நாடு எளிய கருப்பொருள். வரைபடத்தில் ஒரு நீலக்கோடு, அதற்கொரு பெண்பெயர், கரையில் ஒரு கோயில், ஆண்டுக்கொருமுறை நீரில் மிதக்கும் விளக்குகள் ஆகியன போதும், நாடு உருவாகிவிடும். இவ்வாறு உருவாகும் நாடுகளில் ஆறு பெரும்பாலும் திரைச்சீலையாகவே தொங்குகிறது. அவ்வழிபாடு மக்களை எதைச் செய்யவைக்கிறது, எதைச் செய்யாமல் தடுக்கிறது, எதற்காக அவர்கள் உயிரையும் இழக்கத் துணிவர் என்னும் வினாக்கள் எழும்போதுதான் புனைவின் வலிமை தெரியவரும்.

1996இல் தொடங்கிய ‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ நாவல் வரிசையில் ராய்னார் முதன்மைக் கதைமாந்தர் அல்லர். கதை நிகழ்வதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அழிந்துபோன நாகரிகத்தினர். அவர்களைப் பற்றிய செய்திகள் ‘எ ஃபீஸ்ட் ஃபார் குரோஸ்’ (2005), ‘எ டான்ஸ் வித் டிராகன்ஸ்’ (2011) ஆகிய நாவல்களிலும், எலியோ கார்சியா, லிண்டா ஆன்டன்சன் ஆகியோருடன் இணைந்து மார்ட்டின் உருவாக்கிய ‘தி வேர்ல்ட் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ (2014) என்னும் புனைவு வரலாற்று நூலிலும் சிதறிக் கிடக்கின்றன. சிதறல்களாக இருப்பினும், ஆற்றை வணங்கும் சமூகம் பற்றி அண்மைக்கால மிகுபுனைவு எழுப்பிய வினாக்களுள் கூர்மையான ஒன்று இவற்றுள் அடங்கியிருக்கிறது.

ஆமையின் உடல்

ராய்னார் ஒரே பேரரசாக வாழ்ந்தவர் அல்லர். ராய்ன் ஆற்றின் கரைகளிலும் அதன் கிளையாறுகளின் கரைகளிலும் அமைந்த நகரங்களை இளவரசரும் இளவரசியரும் தனித்தனியே ஆண்டனர். அவர்களை ஓரினமாகப் பிணைத்தது ஆறே. அரசனை மையமாகக் கொண்டு நாட்டைக் கட்டும் மிகுபுனைவு வழக்கத்திலிருந்து மார்ட்டின் இங்கு விலகுகிறார். ஆண், பெண் இருபாலார்க்கும் ஒத்த வாரிசுரிமை வழங்கும் வழக்கம் ராய்னாரிடமிருந்தே பின்னாளில் டோர்ன் நாட்டுக்குச் செல்கிறது. இவ்வழக்கத்தையும் ஆறு தாயாக இருப்பதையும் ஒரே நூலில் கோக்க வாசகர் விரைவர். ஆற்றைத் தாயாகப் பாடிய சமூகங்கள் பல மகளிர்க்குச் சொத்துரிமை வழங்காதவை என்பதை நினைத்தால் அந்த இணைப்பு அவ்வளவு எளிதன்று.

ராய்னார் வழிபாட்டின் உயிர்நிலை ஆமைகளில் உள்ளது. ஆற்றில் வாழும் மாபெரும் ஆமைகளை அவர்கள் ஆற்றுத்தாயின் துணைவராகக் கருதிப் போற்றினர். வலீரியக் குடியேறிகள் அத்தகைய ஆமை ஒன்றை வலையில் பிடித்து அறுத்ததே முதற்போருக்குக் காரணமாகிறது. ஒரு சாராருக்கு இறைச்சி. மற்றொரு சாராருக்குத் தெய்வத்தின் குடும்பத்தினர். வழிபாடு என்பது மனத்தளவிலான பக்தியாக நின்றுவிடாமல், எதைக் கொல்லலாம், எதைத் தின்னலாம் என்னும் விலக்காக மாறும் இடம் இது. வணிகமும் குடியேற்றமும் அவ்விலக்கின் மீது மோதும்போது போர் மூள்கிறது. ராய்னாரின் நீர்வித்தகர் ஆற்றை எழுப்பிப் பகைவர் நகரமான வோலோன் தெரிஸை வெள்ளத்தில் ஆழ்த்தினர் என்று அந்நூல் உரைக்கிறது.

இதனோடு பரிபாடலின் வையைப் பாடல்களை ஒப்புநோக்கலாம். இன்று கிடைக்கும் 22 பாடல்களுள் 8 வையைக்கு உரியவை. அவற்றுள் ஒன்றில், புதுப்புனல் வரும்போது பொன்னால் செய்த நண்டு, இறால், வாளை முதலியவற்றை மக்கள் ஆற்றில் இடுகின்றனர். வயல் வளம் பெறுக என்பது அவர்தம் வேண்டுதல். நீர்வாழ் உயிர் இங்கும் வழிபாட்டில் இடம்பெறுகிறது, ஆனால் அது விலக்காக அன்றிக் காணிக்கையாக வருகிறது. அக்காணிக்கை விளைச்சலோடு நேரே பிணைந்தது. வையைப் பாடல்களில் வெள்ளம், மடை, வயல், நீராட்டு, ஊடல் எல்லாம் ஒன்றோடொன்று கலந்தே வருகின்றன. ராய்னாரிடம் இந்த அன்றாடம் இல்லை. குரோயேன் நகரம் திருவிழா நகரம் எனப் பெயர் பெற்றது என்கிறார் மார்ட்டின். எந்தப் பருவத்தில், எதன் பொருட்டு, யார் எடுத்த திருவிழா என்பவற்றை அவர் வரையவில்லை. வாசகர் அந்நகரைக் காணும்போது அது மூடுபனி சூழ்ந்த இடிபாடாக ஆகிவிட்டிருக்கிறது.

இது குறைபாடா, அன்றித் திட்டமிட்ட இடைவெளியா என்பதற்கு விடை கதைசொல்லும் முறையில் உள்ளது. புனைவு வரலாற்று நூலைச் சொல்பவர் ஓர் அறிஞர் மரபினர். மாயங்களை ஐயத்தோடு நோக்குபவர். இடிபாடுகளைக் கடந்து செல்லும் டிரியன் லானிஸ்டர் எதையும் எள்ளி நகையாடுபவர். டோர்ன் பகுதியில் இச்செய்திகளைக் காட்டும் அரியான் ஆளும் குடியின் இளவரசி. ஆற்றைத் தொழும் ஒருவரின் உள்ளிருந்து ஓர் அத்தியாயம்கூட எழுதப்படவில்லை. ஆகவே அச்சமயம் வெளியாருக்குத் தெரியும் அளவில் மட்டுமே தெரிகிறது: போர், சாபம், வெள்ளம், கதை. காரின் இளவரசர் இரண்டரை இலட்சம் வீரரைத் திரட்டி வலீரியாவை எதிர்த்ததும், டிராகன்களால் தோற்றதும், பொற்கூண்டில் தொங்கவிடப்பட்டுத் தம் மக்கள் அடிமைப்படுத்தப்படுவதைக் காண நேர்ந்ததும், அவர் தாயை அழைக்க அன்றிரவே ஆறு பொங்கி வென்றவரை மூழ்கடித்ததும் இவ்வகையில் சொல்லப்படுபவை. மக்கள் அழிந்தபின் ஆறு விடையளிக்கிறது. காலம் தாழ்ந்து வரும் அந்த விடையில் ஒரு துயரம் உண்டு. ஆயினும் நாள்தோறும் அந்த ஆற்றோடு உரையாடியவர் எவ்வாறு உரையாடினர் என்பது அதில் இல்லை.

குடமும் படகும்

தோல்விக்குப் பின் நிகழ்வதே இக்கட்டுரைக்கு முதன்மையானது. நைமீரியா என்னும் இளவரசி பதினாயிரம் கலங்களில் எஞ்சிய மக்களை ஏற்றிக்கொண்டு புறப்படுகிறார். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் சிறாரும் முதியோருமே. வழியில் சோதோரியோஸ் கண்டத்தின் ஆற்று முகத்துவாரம் ஒன்றில் தங்க முயன்று, நோயும் இழப்பும் கண்டு மீண்டும் கடலேறுகின்றனர். இறுதியில் டோர்ன் கரையில் இறங்கியதும் நைமீரியா கலங்களை எரிக்கிறார். மார்ட்டெல் குடித் தலைவரை மணக்கிறார்.

ஆற்றை வணங்குவோர் ஆறில்லா நிலத்தில் எதை வணங்குவர் என்னும் வினாவைத் தமிழ் மரபு வேறு வகையில் எதிர்கொண்டிருக்கிறது. இங்கு நீர் பெயரக்கூடியது. மணிமேகலைப் பதிகம் காவிரியின் தோற்றத்தையே ஒரு பெயர்வாகச் சொல்கிறது: காந்தமன் என்னும் மன்னனின் வேண்டுகோளால் அகத்தியரின் கரகத்திலிருந்து கவிழ்ந்த நீர் காவிரியாக ஓடிவருகிறது. அங்கு முன்னரே உறையும் சம்பாபதி என்னும் தெய்வம் வந்தவளை வரவேற்கிறது. ஊர் சம்பாபதி, காவிரிப்பூம்பட்டினம் என இருபெயர் பெறுகிறது. புதிய தெய்வம் வந்திறங்க, பழைய தெய்வத்தின் இசைவு வேண்டும் என்னும் நாகரிகம் இக்கதையில் உள்ளது. குடத்து நீரில் ஆறுகளை எழுந்தருளச் செய்யும் கலச வழிபாடு இன்றும் திருமணம் முதல் குடமுழுக்கு வரை நடைபெறுகிறது. குடந்தை மகாமகத்திலோ பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆறுகளே ஒரு குளத்தைத் தேடி வருவதாக நம்பிக்கை. மொரிசியசில் ஒப்பந்தத் தொழிலாளர் வழிவந்தோர் கிராண்ட் பாசின் ஏரியில் 1972இல் கங்கைநீரைக் கலந்தனர். கங்கா தலாவ் என்று அந்த ஏரி வழங்கப்படுகிறது. கடல் கடந்தவர் தம் ஆற்றை ஒரு குடத்தில் வரவழைத்துக்கொண்டனர்.

இந்தப் பெயர்வு எப்போதும் ஏழை மக்களின் ஆறுதலாக மட்டும் இருந்ததில்லை. முதலாம் இராசேந்திரன் கங்கைநீரைக் கொணர்ந்து கங்கைகொண்ட சோழபுரத்தில் சோழகங்கம் என்னும் ஏரியை அமைத்ததைத் திருவாலங்காட்டுச் செப்பேடு நீர்மயமான வெற்றித்தூண் என்று புகழ்கிறது. வேற்று நிலத்தாரின் தாய் இங்கு வென்றவனின் ஏரிக்குள் வந்துசேர்கிறாள். சிலப்பதிகாரக் கானல்வரியில் கோவலன், சோழன் கங்கையைக் கூடினாலும் ஊடாதவள் எனக் காவிரியைப் பாடுவதை இதனோடு வைத்துப் படிக்கலாம். ஆற்றைப் பெண்ணாக்கும் கற்பனை பக்தியோடு ஆட்சியுரிமையையும் சேர்த்தே சுமக்கிறது. ஒரு குடம் நீரை யார் சுமக்கின்றனர், யார் பொருட்டுச் சுமக்கின்றனர் என்பதே அச்சடங்கின் பொருளைத் தீர்மானிக்கிறது.

ராய்னாரிடம் அந்தக் குடம் இல்லை. நீரை எழுப்பும் வித்தை உண்டு. நீரை அழைத்துச் செல்லும் சடங்கு சொல்லப்படவில்லை. அவர்களின் தெய்வம் ஆற்றின் உடலோடும் அதில் நீந்தும் ஆமைகளின் உடலோடும் பிணைந்தது. அந்த உடல்களைப் பதினாயிரம் கலங்களிலும் ஏற்ற இயலாது. ஆகவே டோர்னில் அவர்கள் இரு கூறாகின்றனர். பெரும்பாலோர் மணவுறவால் அந்நிலத்தாரோடு கலந்து எழுவர் சமயத்தை ஏற்கின்றனர். சிலர் கலக்க மறுத்து கிரீன்பிளட் ஆற்றில் படகுகளில் வாழ்கின்றனர். எரிந்த கலங்களின் எச்ச மரங்களைக் கொண்டே அவர்கள் முதற்படகுகளைச் செய்தனர் என்கிறது கதை. தாயை இழந்ததால் அவர்கள் கிரீன்பிளட்டின் அனாதைகள் என அழைக்கப்படுகின்றனர்.

அனாதைகள் என்னும் இப்பெயர் மார்ட்டினின் தேர்ந்த கண்டுபிடிப்பு. ஒரு சமயப் பிரிவுக்குத் தெய்வத்தின் பெயரையோ குருவின் பெயரையோ இடாமல் இழப்பின் பெயரை இட்டுள்ளார். சடங்கு இல்லாத இடத்தில் துயரமே சமயத்தின் வேலையைச் செய்கிறது. அது படகின் வடிவில் தலைமுறைகளைக் கடக்கிறது. நைமீரியாவின் செயலையும் இவ்வெளிச்சத்தில் மறுபடி மதிப்பிட வேண்டும். கலங்களை எரித்தது துணிவின் அடையாளமாகவே அவ்வுலகில் கொண்டாடப்படுகிறது. ஆட்சியாளர் நோக்கில் அது சரியே: திரும்பும் வழி இருக்கும்வரை புதிய நாடு அமையாது. ஆயினும் படகில் வாழும் ஆற்றுமக்களுக்குக் கலம் என்பது ஊர்தி மட்டும் அன்று. தாயிடம் திரும்பும் ஒரே வாய்ப்பை, அவர்களைக் கேளாமலே, அரசு எரித்தது. எரிந்த மரத்தைப் பொறுக்கியெடுத்துப் படகு செய்தவர்கள் அந்த முடிவை எதிர்த்துச் சொல்லால் எதுவும் கூறியதாக நூலில் இல்லை. அவர்களின் எதிர்ப்பு அப்படகுகளே.

தமிழில் மிகுபுனைவு நாடுகளைப் படைக்க முனைவோருக்கு ராய்னார் கதை பயன்படும் இடம் இதுவே. கைக்கு எட்டும் தொலைவில் கரகம், கலசம், மகாமகம் ஆகியவை இருப்பதால், தமிழ்ப் படைப்பாளர் தம் கற்பனை ஆற்றைத் தடையின்றிப் பெயர்த்துவிடக்கூடும். பெயர்ப்பதில் உள்ள இழப்பும் வன்மையும் அவ்வேளையில் கண்ணில் படாமல் போகலாம். மார்ட்டினின் உலகில் ஆறு பெயராது. அந்தப் பிடிவாதத்தால்தான் அங்கு இழப்பு முழு எடையோடு நிற்கிறது. வரவேற்க ஒரு சம்பாபதி இல்லாத கரையில் இறங்கியவர் நிலை என்ன என்பதை அது காட்டிவிடுகிறது.

‘எ டான்ஸ் வித் டிராகன்ஸ்’ நாவலில் டிரியன் செல்லும் ‘ஷை மெய்ட்’ என்னும் படகை ஓட்டும் யாண்ட்ரி, இசில்லா இணையர் டோர்னில் பிறந்த அனாதைகள். அவர்கள் ராய்ன் ஆற்றுக்கே திரும்பி வந்து வாழ்கின்றனர். தாய் தம்மிடம் வர இயலாதபோது தாம் தாயிடம் செல்வதே எஞ்சிய வழி என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் இருவர் செய்துகாட்டுகின்றனர். அப்படகின் அருகே மாபெரும் ஆமை ஒன்று நீருக்கு மேல் எழும்போது, ஆற்றின் முதியவரே வெளிப்பட்டதாக அவர்கள் கொள்கின்றனர். டிரியனின் எண்ணமோ படகில் மறைந்து செல்லும் அரசுரிமை கோரும் இளைஞனை நோக்கிப் போகிறது. அரசர்கள் தோன்றும் காலங்களில் இத்தகைய அற்புதங்கள் நிகழ்வதாகச் சொல்லப்படுவதை அவர் நினைக்கிறார். ஒரே காட்சி அரசியலார்க்கு அரசனின் நிமித்தமாகவும், திரும்பி வந்தோர்க்கு ஆற்றின் நலம் விசாரிப்பாகவும் அமைகிறது. கதை அடுத்துப் பின்தொடர்வது அரசனையே. படகோட்டிகள் இருவரும் சில அத்தியாயங்களில் கதையைவிட்டு விலகிவிடுகின்றனர்.