வாய்வாளாமை இசைவாகுமா?

மலைபடுகடாத்தின் பாட்டுடைத் தலைவனாகிய நன்னனது செங்கண்மா, சவ்வாது மலையடியில் உள்ள இற்றைச் செங்கமே என்பர். அதனைப் பாடியவர் பெருங்கௌசிகனார் என அறிகிறோம். அம்மலைமேல் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் பாடல்களுக்கோ ஆக்கியோன் பெயர் இல்லை. சிறப்புப் பாயிரத்தின் இயல்பு கூறும் நன்னூலார் ஆக்கியோன் பெயரையே முதற்கண் வைத்தார். அப்பெயர் அறியப்படாதவிடத்துப் பாடலை அச்சிடற்கு எவரிடம் இசைவு பெறுவது?

இவ்வினாவிற்கு ஒளிதருவது அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு வழக்கு. நூல்களைப் படியெடுத்த கூகிள் நிறுவனத்தின்மீது எழுத்தாளர் சங்கத்தார் 2005-இல் வழக்குத் தொடுத்தனர். சிலர் தம்மையொத்தார் அனைவர்க்குமாகத் தொடுக்கும் கூட்டு வழக்கு அது. 2008-இல் எழுந்த உடன்பாடு, விலகுவதாக எழுதித் தெரிவியாத ஆசிரியரையெல்லாம் கட்டுப்படுத்துவதாய் அமைந்தது. அதனைப் பொறாத உர்சுலா லெ குவின் என்னும் எழுத்தாளர், 2009-இல் அச்சங்கத்தினின்றே நீங்கினார். 2011 மார்ச்சுத் திங்களில் நீதிபதி டென்னி சின் உடன்பாட்டை ஏற்க மறுத்தார். விலகாதார் அனைவரையும் சேர்த்துக் கொள்ளாது, இசைந்தாரை மட்டும் சேர்ப்பின் தடைகள் பல நீங்கும் என்பது அவர் கருத்து. மௌனம் சம்மதம் என்னும் நம் வழக்கு, உரிமைத் துறையில் செல்லாது என்பதே இதனால் பெறப்படும்.

தமிழகத்திலும் மறுத்தார் உளர். 1949-இல் பாரதியார் நூல்கள் அரசுடைமையாயின, மறுப்பார் இலர். 2009-இல் வந்த நாட்டுடைமை அறிவிப்பையோ கண்ணதாசன், சுந்தர ராமசாமி ஆகியோர்தம் குடும்பத்தினர் ஏற்றிலர். அதனைப் பொருளாசை எனல் பொருந்தாது. மறுக்கும் உரிமை இன்றேல் இசைவு என்னும் சொல்லுக்கே பொருளில்லை. ஆயின் அவர்க்கு அறிவிப்பு எட்டிற்று. அவர் பெயரும் ஏட்டில் இருந்தது. மலைமேற் பாடுவார்க்கு இவ்விரண்டும் இல.

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 1994-இல் பெற்ற திருத்தத்தால் பாடுவார்க்கும் உரிமை வழங்கிற்று. ஆயினும் ஆராய்ச்சிக்கென்றே செய்யும் ஒலிப்பதிவிற்கு அச்சட்டம் விலக்கு அளித்துள்ளது. அவ்விலக்கே நம்மனோர்க்குப் புகலிடம்! பதிவு விலைநூலாகித் தொகுப்பாசிரியர் பெயரால் உரிமை குறிக்கப்பட்டு வெளிவருங்கால், அதனை ஆராய்ச்சிக்கென்றே செய்ததாக எங்ஙனம் கூறுவது? நாட்டுப்பாடல் தொகுப்புகளுட் பல, பாடியவர் பெயரைப் பின்னிணைப்பில் வைத்தலோடு அமைகின்றன. இது குறையே என்க.

இக்குறைக்கு யானும் புறம்பானவன் அல்லேன். மலையூர் ஒன்றில் முதியவள் ஒருத்தி, பாடிக்கொண்டிருந்த பாடலை இடையே நிறுத்தி, “இது எங்க வீட்டோட இருக்கட்டும் சாமி” என்றாள். அதனை இசைவின்மை என்று அன்று உணர்ந்திலேன். நாணம் எனக் கொண்டேன். பாடிய அளவும் என் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அச்சேறிற்று. அப்பக்கத்தை நீக்கித் தருமாறு நூலகத்தார்க்கு இப்போது எழுதியுள்ளேன்.