தாயற்ற கன்றும் மூடாத குழியும்

கார்த்திகி கோன்சால்வஸ் இயக்கிய ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’ என்னும் ஆவணப்படம் 2022 டிசம்பரில் வெளிவந்தது. 2023 மார்ச் 12 ஆம் நாள் குறும் ஆவணப்படத்துக்குரிய ஆஸ்கார் விருதைப் பெற்றது. முதுமலையைச் சேர்ந்த தெப்பக்காடு முகாமில் தாயிழந்த யானைக்கன்றுகளை வளர்த்த பொம்மன், பெள்ளி என்னும் காட்டுநாயக்கர் இணையரின் கதை அது. படைப்பைப் பேணும் கடமை பற்றிப் பிரசங்கிக்க விழையும் ஆயருக்கு இதனினும் இனிய எடுத்துக்காட்டு எளிதிற் கிட்டாது. ஆதலின் அதனை இறையியல் நோக்கில் எடைபோடுதல் நம் கடனாகும். இங்கு நாம் அதனைத் தருமபுரி மாவட்டத்திலிருந்து நோக்க முற்படுகிறோம். படம் சொல்லாது விட்ட பாதிக் கதை அம்மண்ணில் இருக்கிறது.

படத்தின் சிறப்பு

முதலில் அதன் நிறைகளைக் கூறுவோம். படத்தில் வர்ணனையாளர் குரல் இல்லை. இணையர் தம் வாய்மொழியாகவே பேசுகின்றனர். கற்றறிந்தோர் எவரும் இடையில் புகுந்து விளக்கம் தருவதில்லை. பெள்ளி தம் முன்னைய கணவரைப் புலிக்குப் பறிகொடுத்தவர், மகளையும் இழந்தவர். எனினும் காட்டின்மேல் அவருக்குப் பகை இல்லை. தாயற்ற கன்றுக்கு அவர் ஊட்டுகையில், துயருற்ற ஓர் உயிர் துயருற்ற மற்றோர் உயிரை இனங்கண்டுகொள்வதை நாம் காண்கிறோம்.

வளர்ந்த ரகு வேறொரு பாகனிடம் ஒப்படைக்கப்படும் பகுதி படத்தின் உச்சம் எனலாம். வளர்த்தவர்களுக்கு அதன்மேல் அன்பு உண்டு, உரிமை இல்லை. தனக்குச் சொந்தமல்லாததைத் தன் உயிர்போலக் காத்து, கேட்கப்படும் நாளில் கையளிப்பதையே உக்கிராணத்துவம் என்கிறோம். அச்சொல்லுக்கு நம் மாணவர்கள் எழுதும் நீண்ட விளக்கங்களைவிட இச்சிறு காட்சி தெளிவானது.

படம் கடந்து செல்லும் செய்தி

ஆயினும் ஒரு குறை உண்டு. அது சிறிய குறையன்று. ரகு 2017 இல் ஓசூர் வனக்கோட்டத்தில் கண்டெடுக்கப்பட்ட கன்று. ஓசூர் இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ளது; 2004 வரை தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. ரகுவின் தாய் மின்சாரம் தாக்கி இறந்தது. படம் இதனைச் சொல்கிறது. சொன்னவுடன் கடந்து செல்கிறது. அது எவருடைய கம்பி, எதனைக் காக்க இழுக்கப்பட்டது, அதனைத் தடுக்க வேண்டியவர் யாவர் என்னும் வினாக்கள் எழவேயில்லை. கன்று அநாதையாக வருவது இயற்கையின் நிகழ்வுபோலத் தோன்றிவிடுகிறது.

படம் கேளாத வினாக்களை அந்த மார்ச் மாதமே எழுப்பிற்று. விருதுக்கு ஐந்து நாள் முன்பு, மார்ச் 7 ஆம் நாள், தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே, சட்டத்துக்குப் புறம்பாக மின்சாரம் பாய்ச்சிய விளைநில வேலியில் மூன்று யானைகள் மாண்டன. உடன்வந்த இரு குட்டிகள் உயிர் தப்பின. மார்ச் 18 ஆம் நாள் கம்பைநல்லூர் அருகே மின்கம்பியில் உரசி மற்றொரு யானை இறந்தது. அதே மாதத்தில் பென்னாகரம் பகுதியில் ஒரு யானைக்குட்டி கிணற்றில் விழுந்தது. மீட்டு அதன் கூட்டத்தோடு சேர்க்க முயன்றும் இயலாமற் போகவே, பொம்மனே அதனைத் தெப்பக்காட்டுக்கு அழைத்துச் சென்றார். மாத இறுதியில் அது இறந்துவிட்டது. உலகம் போற்றிய அதே கரங்களின் பராமரிப்பும் அதனைக் காக்கப் போதவில்லை. தாயிழந்த கன்றுக்கு அன்பு வேண்டும் என்பது உண்மை. கன்று தாயை இழக்கும் முன்னரே செய்ய வேண்டியவை வேறு உள என்பதும் உண்மை.

நாத்தானின் கதை

ஏழை ஒருவன் ஓர் ஆட்டுக்குட்டியை மகளைப்போல் மடியில் வளர்த்த கதையை நாத்தான் தாவீதிடம் சொல்கிறார் (2 சாமு. 12:1–7). கதையின் முற்பகுதி மென்மை நிறைந்தது. கேட்ட அரசன் உள்ளம் உருகினான், சினமும் கொண்டான். நாத்தான் அங்கே நிறுத்தியிருப்பாராயின், தாவீது நல்ல கதை கேட்ட மனநிறைவோடு எழுந்து போயிருப்பான். தீர்க்கதரிசி நிறுத்தவில்லை, குற்றவாளி எதிரே அமர்ந்திருப்பவனே என்று சுட்டிக் காட்டினார். கண்ணீரைத் தீர்ப்பாக மாற்றியதே அவர் பணி. நம் படம் நாத்தான் கதையின் முற்பகுதியைச் செம்மையாகச் சொல்கிறது, பிற்பகுதியைச் சொல்லவில்லை. கலைஞர் அங்கே நிற்கலாம். பிரசங்க பீடம் அங்கே நிற்றல் ஆகாது.

குழிக்கு உரியவன் யார்?

திருமறையின் சட்டப்பகுதி இவ்விடத்தில் நமக்கு ஒளி தருகிறது. குழியைத் திறந்தவனோ வெட்டியவனோ அதனை மூடாது விட்டு, அதில் மாடோ கழுதையோ விழுந்து இறந்தால், குழிக்கு உரியவன் ஈடு செய்தல் வேண்டும் (யாத். 21:33–34). கொல்லும் எண்ணம் அவனுக்கு இருந்ததா என்று சட்டம் வினவவில்லை. குழி திறந்திருந்தது என்பதே போதுமானது. உபாகமம் 22 ஆம் அதிகாரத்தில் இரு கட்டளைகள் அடுத்தடுத்து வருகின்றன. கூட்டிலுள்ள குஞ்சுகளை எடுப்பவன் தாய்ப்பறவையைப் போகவிட வேண்டும் என்பது ஒன்று (வச. 6–7); புதுவீடு கட்டுவோன் கூரைக்குக் கைப்பிடிச்சுவர் அமைக்க வேண்டும் என்பது மற்றொன்று (வச. 8). தாயுயிரைக் காத்தலும் தன் கட்டுமானத்தால் பிறர் உயிர் போகாது தடுத்தலும் அருகருகே நிற்பது கருதத்தக்கது. இரக்கம் உள்ளத்தில் மட்டும் இருந்தால் போதாது. சுவராகவும் மூடியாகவும் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். யாத்திராகமச் சட்டம் அயலானுடைய மாட்டைப் பற்றியது. ஈட்டுத்தொகை மாட்டுக்காரனுக்குச் சேரும். காட்டு யானைக்கு உடையவன் எவன்? மறுப்பு நேர்மையானதே. அதற்கு விடை யோபு 39 ஆம் அதிகாரத்தில் உள்ளது. மனிதனின் தொழுவத்தில் தங்காத, அவன் ஏருக்கு இணங்காத விலங்குகளைக் கடவுள் அங்கே ஒவ்வொன்றாகக் காட்டுகிறார். மனிதனுக்குப் பயன்படாதவற்றிலும் அவர் மகிழ்கிறார். தொழுவத்து மாட்டுக்கு அயலான் உடையவன். காட்டு விலங்குக்குக் கடவுளே உடையவர். அப்படியானால் மாரண்டஹள்ளியில் மாண்ட யானைகளுக்குக் கணக்குக் கேட்பவரும் அவரே.

உழவன் பக்கம்

கணக்கை எவரிடம் கேட்பது என்பதில் நாம் அவசரப்படலாகாது. யானையை உழவனின் எதிரியாகவும், உழவனை யானையின் கொலைஞனாகவும் மட்டும் காண்பது எளிது. கேழ்வரகும் வாழையும் கரும்பும் அறுவடையை எட்டும் வேளையில் ஓரிரவில் அழிந்தால், சிறு நிலக்காரனுக்கு அது ஓராண்டின் உணவும் கடன் தீர்க்கும் வழியும் போனதாகும். வயற்காவலில் யானையால் உயிரிழந்தோரும் உண்டு. நகரத்தில் இருந்துகொண்டு யானைக்காகக் கண்ணீர் சிந்துவோர் இந்த இழப்பில் எள்ளளவும் பங்கேற்பதில்லை.

எனினும் ஒரு வேறுபாட்டை மறைத்தல் கூடாது. முறையாக அமைத்த சூரிய மின்வேலி, கணநேரத் துடிப்புகளாக மின்சாரம் செலுத்தி, தொட்ட விலங்கை அதிரவைத்து விரட்டும்; கொல்லாது. வீட்டு இணைப்பிலிருந்தோ மின்கம்பத்திலிருந்தோ நேரே இழுத்த கம்பியோ தொட்டதைக் கொல்லும்; யானை, மாடு, இரவில் அவ்வழியே நடக்கும் அயலான் என்று வேறுபாடு பாராது. இது திறந்து வைத்த குழியேயாகும். தமிழ்நாடு அரசு மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் விதிகளை 2023 இல் வெளியிட்டது. யானை 1972 ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. 2022 இல் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளில் காவேரி தெற்கு வனவுயிர்ச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. ஆனால் சரணாலயத்தின் எல்லைக்கோட்டை யானை அறியாது. இழப்பீடு காலத்தில் வந்து சேராவிடில், பாதுகாப்பான வேலிக்குப் பொருளுதவி கிட்டாவிடில், சட்டத்தின் முழுச்சுமையும் ஏழையின் தோளிலேயே விழும். தாழத் தொங்கும் மின்கம்பியோ உழவன் வெட்டிய குழியன்று. அது பொதுநிறுவனத்தின் குழி. அதன் மின்சாரத்தை நாம் அனைவரும் பயன்படுத்துகிறோம்.

பிரசங்க பீடத்தின் கடமை

ஆகவே இப்படத்தை இளைஞர் கூடுகைகளில் தாராளமாகக் காட்டுக. காட்டியபின் கூட்டத்தைக் கலைத்துவிடாதீர். ரகுவின் தாய் எப்படி இறந்தது என்று கேளுங்கள். கிராமச் சபையில் பணியாற்றும் ஆயர், அறுப்பின் பண்டிகையில் விளைச்சலுக்காக நன்றி கூறும்போது, அவ்விளைச்சலைக் காத்த வேலி எத்தகையது என்றும் வினவுவாராக. சுற்றுச்சுவர் இல்லாத கிணறு சபையாரிடம் இருப்பின், அதற்குச் சுவர் எழுப்பச் சபையே கைகொடுக்கட்டும். பயிரிழந்தவரின் இழப்பீட்டு மனுவை எழுதிக்கொடுத்து, அலுவலகத்துக்கு உடன்செல்வதும் ஆயர்ப்பணியே. யானையின்மேல் இரங்குவோர் உழவனோடும் நிற்கின்றனர் என்பதை ஊர் கண்ணாரக் காணும்போதுதான், கம்பியைக் கழற்று என்று சொல்லும் உரிமை நமக்கு உண்டாகும்.

பொம்மனும் பெள்ளியும் தங்கள் பங்கைக் குறைவின்றிச் செய்தனர். அவர்களுடைய அன்பைப் புகழ்ந்து, அடுத்த அநாதைக் கன்றையும் அவர்களிடமே அனுப்பிவைப்பது திருச்சபையின் பங்காகாது. குழியை மூடுவதே நம் பங்கு.