பட்டுத் தறியும் பச்சைப் பள்ளியும்

வேலூரிலிருந்து போளூருக்குச் செல்லும் சாலையிலே, ஆரணிக்குக் கிளை பிரியும் இடத்தில் இருக்கிறது கண்ணமங்கலம். ஒருபுறம் சவ்வாது மலை. அமிர்திக் காட்டிலிருந்து இறங்கி வரும் நாகநதி. வயல், தோப்பு, பறவை, பாறை எல்லாம் உண்டு. இயற்கையை ஏட்டிலே தேட வேண்டிய ஊரல்ல அது. எனினும், ஆரணிச் சீமையின் நெசவாளர் வீட்டுப் பிள்ளை தலைமுறை தலைமுறையாகக் கண்டது மலையை அல்ல, தறிக்குழியை! கேட்டது குயிலின் குரலை அல்ல. நாடா ஓடும் ஓசையை!

கோர்வைப் புடவை நெய்ய வேண்டுமானால், நெசவாளியின் பக்கத்திலே இன்னொருவர் அமர்ந்து கரைக்கான நாடாவை எறிந்து கொடுக்க வேண்டும். பட்டு நெய்யும் ஊர்களிலே நெடுங்காலம் அந்த 'இன்னொருவர்' ஒரு சிறுவன். அல்லது ஒரு சிறுமி. முன்பணம் வாங்கியவர் தகப்பன். அதை அடைத்தது பிள்ளையின் பிஞ்சு விரல். இஃது ஏதோ பழங்கதை என்று எண்ணிவிட வேண்டாம். பட்டுத் தொழிலில் கொத்தடிமைப்பட்ட குழந்தைகளைப் பற்றி அயல்நாட்டு மனித உரிமை அமைப்பொன்று 2003ஆம் ஆண்டிலே அறிக்கை வெளியிட்டபோது, காசியோடு சேர்த்து நம் காஞ்சிபுரத்தையும் பட்டியலிட்டது.

"உன் வேகத்தில் கற்றுக்கொள்" என்று அந்தக் குழந்தையிடம் எவரும் சொன்னதில்லை. தறிக்கு ஒரு வேகம் இருந்தது. கடனுக்கு ஒரு வேகம் இருந்தது. வட்டிக்கு இன்னும் பெரிய வேகம் இருந்தது. குழந்தைக்கு மட்டுந்தான் வேகம் இல்லை!

இந்த மண்ணிலே நின்றுகொண்டுதான், இன்று கற்றோர் நடுவே பெரிதும் புகழப்படும் ஒரு கல்விமுறையை நாம் எடைபோட விரும்புகிறோம். சிறிய பள்ளி, மரங்கள் சூழ்ந்த பள்ளி, மணியடித்துப் பாடம் மாற்றாத பள்ளி, குழந்தை தன் விருப்பம்போல், தன் வேகம்போல் கற்கும் பள்ளி. இதுவே அந்த முறை.

எடுத்துக்காட்டுக்கு வெகு தொலைவு செல்ல வேண்டியதில்லை. கண்ணமங்கலத்திலிருந்து தெற்கே போளூரைக் கடந்தால் திருவண்ணாமலை. அதனருகே 2009ஆம் ஆண்டிலே தொடங்கப்பட்டது மருதம் பண்ணைப் பள்ளி. மொட்டையாகிப்போன மலையிலே மீண்டும் மரம் வளர்க்கும் பணியோடு பிணைந்து வளர்ந்த பள்ளி அது. சுற்றூர்ப் பிள்ளைகளும், வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகளும் அங்கே ஒன்றாக அமர்ந்து கற்கின்றனர். காடும் ஏடும், கைத்தொழிலும் விளையாட்டும் அங்கே பாடம்.

இதை நாம் வரவேற்கிறோம். ஏன் வரவேற்கிறோம்? நம் நாட்டுத் திண்ணைப் பள்ளியை எண்ணிப் பாருங்கள். பிள்ளையைக் கயிற்றிலே தொங்கவிட்டுக் 'கோதண்டம்' என்று அதற்குப் பெயரும் சூட்டி மகிழ்ந்தவர்கள் நம் பழங்கால உபாத்தியாயர்கள். ஒப்பித்தவன் அறிவாளி, கேட்டவன் அதிகப்பிரசங்கி! அந்தப் பிரம்பு முறியட்டும். ஏன், எதற்கு, எப்படி என்று கேட்கும் பிள்ளையைக் கண்டு ஆசிரியர் மகிழும் பள்ளி எங்கே இருந்தாலும் அது பகுத்தறிவின் பாசறை. அதிலே நமக்கு ஐயமில்லை.

ஆனால், வரவேற்பு வேறு, வழிபாடு வேறு. நாம் வழிபடுவோர் அல்லர்.

குடிசையில் பிறந்தது

குழந்தையை இயற்கையின் மடியிலே வளர விடுங்கள் என்று 1762ஆம் ஆண்டிலே 'எமிலி' என்னும் நூலை எழுதி உலகை வியக்க வைத்தார் ரூசோ. எழுதிய கை பெரிய கைதான். ஆனால், தமக்குப் பிறந்த ஐந்து குழந்தைகளையும் அனாதை விடுதியிலே விட்டவரும் அவரே! ஏட்டிலே வாழும் குழந்தையை நேசிப்பது எளிது. வீட்டிலே அழும் குழந்தையை வளர்ப்பதுதான் அரிது.

இதற்கு நேர்மாறான வரலாறு மாண்டிசோரி அம்மையாருடையது. மருத்துவரான அவர் தம் முதல் குழந்தைகள் இல்லத்தை 1907 சனவரி 6ஆம் நாள் எங்கே திறந்தார்? ரோம் நகரிலே, சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பிலே! பெற்றோர் வேலைக்குப் போய்விட, படிக்கட்டிலும் தெருவிலும் திரிந்த பிள்ளைகளே அவருடைய முதல் மாணவர். 1939இல் அவர் சென்னை அடையாறுக்கு வந்தார். போர் மூண்டதால் 1946 வரை இந்நாட்டிலே தங்கி ஆசிரியர் பலருக்குப் பயிற்சி அளித்தார்.

பின் நடந்தது என்ன? குடிசைப் பிள்ளைக்காகப் பிறந்த முறை, மாளிகைப் பிள்ளைக்கு மகுடமாயிற்று. அம்மையாரின் பெயர் தாங்கிய பலகைகள் இன்று ஊர்தோறும் தொங்குகின்றன. பலகையைப் படித்த பின் கட்டணத்தையும் படித்துப் பாருங்கள், மயக்கம் வரும்! கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்த கதை இதுதான்.

ஆனால் தமிழகம் வேறொரு கதையையும் எழுதியிருக்கிறது. அதை மறப்பது நன்றியன்று. ஆந்திரத்து மதனப்பள்ளிக்கருகே ரிஷிவேலியில், கிராமத்து ஓராசிரியர் பள்ளிகளுக்கென ஒரு முறை வகுக்கப்பட்டது. பாடத்தைச் சிறுசிறு அட்டைகளாகப் பிரித்து, ஏணிப்படிகளாக அடுக்கி, ஒவ்வொரு குழந்தையும் தன் படியிலிருந்து தானே ஏறும் முறை. 2003ஆம் ஆண்டிலே சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் அதை ஏற்றன. 2007இல் தமிழகத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் அது 'செயல்வழிக் கற்றல்' என்ற பெயரிலே சென்றது.

நினைத்துப் பாருங்கள், தோழர்களே! நாற்காலியிலே வீற்றிருந்த ஆசிரியர் தரையிலே பாயில் அமர்ந்தார். சுவரின் உச்சியிலிருந்த கரும்பலகை குழந்தையின் கைக்கெட்டும் உயரத்துக்கு இறங்கி வந்தது. தலைக்கு மேலே கம்பிப் பந்தல். அதிலே பிள்ளைகளின் ஓவியங்கள். வருகையைப் பிள்ளையே பதிந்தது. வெயிலா மழையா என்பதைப் பிள்ளையே பார்த்துக் குறித்தது. கட்டணம் கட்டிப் பெறும் பொருளாக இருந்ததைக் கூலிக்காரன் பிள்ளைக்கும் உரியதாக்கும் முயற்சி அது.

குறை இல்லையா? இருந்தது. அட்டை சிற்சில இடங்களிலே சடங்காயிற்று. முயல் படம் போட்ட அட்டை முடிந்தால் யானை படம் போட்ட அட்டை. புரிந்ததா என்று கேட்க ஆசிரியருக்கு நேரமில்லை. நேரம் எப்படி இருக்கும்? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது. வகுப்போ ஐந்து! ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு வேகம். இரண்டு ஆசிரியருக்கோ நான்கே கண்கள்! பிற்பாடு அம்முறை எளிமையாக்கப்பட்டது. 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்தே கற்பிக்க முனைந்தது. பெயர்கள் மாறின, கேள்வி மாறவில்லை.

வேகம் யாருடையது?

அந்தக் கேள்விக்கு வருகிறோம். 'குழந்தையின் வேகம்' என்கிறார்களே, அந்த வேகத்தைத் தந்தது யார்? இயற்கையா?

பேராசிரியரின் பிள்ளை நான்கு வயதிலே கதைப்புத்தகம் புரட்டுகிறது. வீட்டிலே அலமாரி இருக்கிறது. நெசவாளியின் பிள்ளை எட்டு வயதிலும் எழுத்துக் கூட்டுகிறது. வீட்டிலே தறி இருக்கிறது. ஒன்று விரைவு, மற்றொன்று மெது என்று எழுதிவிட்டு, "அவரவர் இயல்பு" என்று கைகழுவினால், அதற்கும் "அவரவர் தலைவிதி" என்பதற்கும் வேறுபாடு என்ன? விதி என்ற சொல்லை விரட்டிய நாம், இயல்பு என்ற வேடத்திலே அது திரும்பி வருவதை விடலாமா?

வயிறு காய்ந்த பிள்ளைக்கு வேகம் ஏது? 1920இலேயே சர் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியிலே பிள்ளைகளுக்கு உணவளித்தது. காமராசர் காலத்திலே அது மாநிலமெங்கும் பரவிற்று. 2022 செப்டம்பரிலே காலைச் சிற்றுண்டியும் பள்ளிக்குள் வந்தது. ஒரு தட்டு உப்புமாவால் ஒரு பிள்ளையின் வேகம் கூடுமானால், அந்த வேகம் பிறவியிலே வந்ததன்று. சமுதாயம் தந்ததே என்பது விளங்கவில்லையா?

'விருப்பம்போல் கற்கட்டும்' என்பதையும் சற்று உரசிப் பார்ப்போம். 1953ஆம் ஆண்டு சூனிலே இராசகோபாலாச்சாரியார் ஆட்சி ஒரு திட்டத்தைக் கிராமப் பள்ளிகளிலே புகுத்திற்று. பள்ளியிலே மூன்று மணி நேரம் படிப்பு. மீதி நேரம் தகப்பன் தொழில். கைத்தொழில் கல்வி, வாழ்க்கையோடு ஒட்டிய கல்வி என்றெல்லாம் அதற்கு அழகு அழகான ஆடைகள் உடுத்தினார்கள். நாடு அதைக் குலக்கல்வி என்று ஒரே சொல்லிலே உரித்துக் காட்டியது. அடுத்த ஆண்டு ஆட்சி மாறியது. 1954 மே திங்களிலே திட்டமும் மடிந்தது.

மடிந்ததா? 2016இலே குழந்தைத் தொழிலாளர் சட்டம் திருத்தப்பட்டது. 14 வயதுக்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்தக் கூடாது என்று அச்சட்டம் முழங்கிற்று, நன்று. ஆனால் அதன் அருகிலேயே ஒரு வாசலையும் திறந்து வைத்தது. பள்ளி நேரம் போக, விடுமுறை நாட்களிலே, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலிலே பிள்ளை உதவலாமாம்! தறி எங்கே இருக்கிறது? வீட்டுக்குள்ளே அல்லவா!

ஆகவேதான் சொல்கிறோம்: தறியைத் தவிர வேறொன்றையும் காணாத பிள்ளையிடம் "உனக்கு எது விருப்பம்?" என்று கேட்டால், அது தறி என்றே சொல்லும். அதைக் குழந்தையின் சுதந்தரம் என்று கொண்டாடுவது பேதைமை. பத்துக் கதவுகளைத் திறந்து காட்டிய பின்னர்க் கேட்பதே கேள்வி. ஒரே கதவின் முன்னே நிறுத்திவிட்டுக் கேட்பது வேடிக்கை, வேதனையான வேடிக்கை!

இயற்கையும் பாடமும்

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. இயற்கையை அறிவது ஒன்று. அதைத் தெய்வமாக்கிக் கும்பிடுவது மற்றொன்று. பச்சைப் பள்ளி என்ற பெயரிலே பழைய மூடநம்பிக்கைக்குப் பந்தல் போட்டுவிடக் கூடாது. நாகநதிக் கரையிலே பிள்ளை ஒரு புற்றைக் காண்கிறது. "நாகராசன் வீடு, பால் ஊற்று" என்று சொல்லிக் கொடுத்தால் அது பள்ளியா? கறையான் மண்ணும் எச்சிலும் குழைத்துக் கட்டிய வீடு அது, பாம்பு இரைக்கும் நிழலுக்கும் நுழைந்த விருந்தாளி, பால் அதன் உணவே அன்று என்று கண்ணாலே கண்டு தெளிய வைப்பதல்லவா பாடம்!

அதே ஆற்றிலே இன்னொரு பாடமும் கிடக்கிறது. வறண்டுபோன நாகநதிக்கு நீர் திரும்பட்டும் என்று, நூறு நாள் வேலைத் திட்டத்திலே மண் சுமந்து, நீர் செறிவூட்டும் கிணறுகளை அமைத்தவர்கள் ஏழைப் பெண்கள். இயற்கை தானாக வாழ்ந்துவிடவில்லை. உழைப்பாளியின் கையும் சேர்ந்துதான் அதை வாழ வைத்தது. அந்தப் பெண்களின் பிள்ளை அந்தக் கிணற்றை அளந்து பார்த்து எழுதட்டும். அதைவிடச் சிறந்த இயற்கைப் பாடம் எந்நாட்டிலே உண்டு?

பட்டையே எடுத்துக்கொள்வோம். முசுக்கட்டை இலையைத் தின்று, நான்கு முறை தோலுரித்து, புழு கூடு கட்டுகிறது. அந்தச் சின்னஞ்சிறு கூட்டிலே ஏறத்தாழ 1,000 மீட்டர் நீளமுள்ள ஒற்றை இழை! வெந்நீரிலே இட்டு அதை இழுக்கிறார்கள், முறுக்குகிறார்கள், சாயம் தோய்க்கிறார்கள், பாவு ஓட்டுகிறார்கள். இதுவரை உயிரியல், இனிக் கணக்கு. புடவையின் விலை என்ன? நூலுக்கு எவ்வளவு, சரிகைக்கு எவ்வளவு, கடைக்காரருக்கு எவ்வளவு, நெய்தவருக்கு எவ்வளவு? கணக்கு முடிந்ததும் பிள்ளை தானாகவே கேட்கும்: "பட்டு நெய்கிற என் அம்மா ஏன் பட்டு உடுத்தவில்லை?" அந்தக் கேள்வி எழும் வகுப்பறையே குழந்தையை நடுவிலே வைத்த வகுப்பறை. அக்கேள்வியை அடக்கிவிட்டு, எத்தனை மரம் நட்டாலும் அது வெறும் தோட்டம்!

ஆகவே, இத்தகைய பள்ளி எது கண்ணில் பட்டாலும் நாம் கேட்க வேண்டியவை இவை: ஏழைப் பிள்ளை அங்கே நுழைய முடிகிறதா? நுழைந்த பிள்ளை, வேகம் எதுவாயினும், படிக்கவும் எழுதவும் கணக்கிடவும் உறுதியாகக் கற்று வெளியே வருகிறதா? பின்தங்கிய பிள்ளைக்கு ஆசிரியர் கூடுதலாக உழைக்கிறாரா, காத்திருப்பதோடு நின்றுவிடுகிறாரா? பிறந்த வீட்டின் தொழிலைத் தாண்டிய உலகம் அந்தப் பிள்ளைக்குக் காட்டப்படுகிறதா?

இவற்றுக்கு ஆம் என்று விடையளிக்கும் பள்ளி, மரத்தடியில் இருந்தாலென்ன, மாநகராட்சிக் கட்டடத்தில் இருந்தாலென்ன, அது நம் பள்ளி.

இளைஞர்களே! நல்ல பள்ளியை நாலு பேர் பார்த்து வியந்து திரும்பும் காட்சிப் பொருளாக விட்டுவிடாதீர்கள். உங்கள் ஊர் அரசுத் தொடக்கப் பள்ளிக்குப் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று உண்டு. சட்டம் தந்த குழு. பெற்றோர் பெரும்பான்மையாக அமரும் குழு. அதிலே உங்கள் வீட்டுத் தாய்மாரைப் பேச வையுங்கள். வகுப்புக்கு ஓர் ஆசிரியர் வேண்டும் என்று கேளுங்கள். நிழல் தரும் நான்கு மரமும், கைக்கெட்டும் புத்தக அலமாரியும் வேண்டும் என்று கேளுங்கள். மாலையிலே தறிச்சத்தம் கேட்கும் தெருவுக்குள் சென்று, ஒரு பிள்ளையை எழுப்பி அழைத்து வந்து, அரை மணி நேரம் ஏடு வாசித்துக் காட்டுங்கள்.

தறியின் வேகத்திலே இத்தனை தலைமுறை ஓடியாயிற்று. இனி அந்தப் பிள்ளை தன் வேகத்திலே நடக்கட்டும். ஆனால் எழுந்து நிற்கவே வலுவில்லாத காலைப் பார்த்து, "உன் வேகத்தில் நட" என்று சொல்லிவிட்டு நாம் ஒதுங்கி நிற்க வேண்டாம். முதலிலே கை கொடுப்போம்!