எலியின் துயரும் மூலிகையின் பெருமையும்

வல்லாரை, நீர்ப்பிரமி, அமுக்கரா முதலிய மூலிகைகள் எலிகளின் மனச்சோர்வைப் போக்குவதாகக் கூறும் ஆய்வுகள் பல வெளிவந்துள்ளன. மரபு மருத்துவத்தை விஞ்ஞானம் ஏற்றுவிட்டது என்ற பெருமிதமும் அவற்றையொட்டி எழுகின்றது. இப்பெருமிதத்தின் அடிப்படை யாது என்பது ஆராயப்படவேண்டியதாகும்.

இவ்வாய்வுகள் பெரிதும் கையாள்வது, 1977 இல் பொர்சோல்ற் குழுவினர் அறிமுகஞ்செய்த கட்டாய நீச்சற் சோதனையையாகும். தப்ப வழியற்ற நீர்க்கலத்தில் விடப்படும் எலி முதலிற் போராடி நீந்தும்; பின்னர் அசைவின்றி மிதக்கும். அவ்வசைவின்மை நம்பிக்கையிழப்பு எனக் கொள்ளப்படுகின்றது. மருந்தூட்டிய எலி கூடிய நேரம் நீந்துமாயின் அது மனச்சோர்வை நீக்கும் மருந்தாகக் கணிக்கப்படுகின்றது. ஆயின், பயனற்ற போராட்டத்தைக் கைவிட்டுச் சக்தியைச் சேமிக்கும் எலி, சூழலுக்கு இயைந்தொழுகக் கற்றுக்கொண்டது எனவும் கொள்ளலாமன்றோ? அன்றியும், மனிதரிற் பயன்தர வாரங்கள் செல்லும் மருந்துகள் இச்சோதனையில் ஓரிரு நாள்களிலேயே பயன் காட்டுகின்றன. எனவே இங்கு அளக்கப்படுவது மனச்சோர்வுதானா என்ற ஐயம் நியாயமானதே.

சர்ப்பகந்தியின் வரலாறு இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. உயர் இரத்த அழுத்தத்திலும் மனநோயிலும் அதன் பயனை 1931 இல் சென், போஸ் எனும் இந்திய மருத்துவர்கள் எழுதினர். 1952 இல் சுவிற்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் அதிலிருந்து றிசேர்ப்பினைப் பிரித்தெடுத்தனர். அதனை உட்கொண்டோர் சிலர் மனச்சோர்வுற்றமை 1950களில் அறிவிக்கப்பட்டது. பின்னர் றிசேர்ப்பின் ஊட்டப்பட்ட விலங்கே மனச்சோர்வு மருந்துகளைச் சோதிக்கும் மாதிரியுமாயிற்று. 1957 இல் இமிப்பிரமினின் பயனை றோலன்ட் கூன் வெளியிட்டதும் நோயாளரை அவதானித்தேயாகும். மனிதரை அவதானித்தலே இரண்டிடத்தும் முந்திநின்றது.

மனச்சோர்வு என்பது மூளையின் இரசாயனத்துள் முற்றாக அடங்குவதுமன்று. மேற்கத்திய உளமருத்துவம் நோயெனக் கொள்ளும் துயர உணர்வு, இலங்கையின் பௌத்தச் சூழலில் வாழ்க்கை நோக்காகப் பொருள்பெறுவதைக் கணநாத் ஒபயசேகர 1985 இல் எடுத்துக்காட்டினார். போரில் உற்றாரை இழந்தோரின் துயரும், தோட்டத் தொழிலாளரின் கடன்சுமையும் சமூக உறவுகளிலிருந்து பிறப்பன. நீர்க்கலத்து எலிக்கு அவ்வுறவுகள் இல்லை.

இதனால் மூலிகைகள் பயனற்றவை என்பது பெறப்படாது. விலங்குச் சோதனை ஆய்வின் தொடக்கமாகலாம், முடிவாகாது. ஐரோப்பிய மூலிகையான சென் ஜோன்ஸ் வோர்ட் மதிப்புப்பெற்றது, நோயாளரிடையே ஒப்பீட்டு முறையிற் சோதிக்கப்பட்டமையாலேயே. நமது மூலிகைகளுக்கும் அத்தகைய சோதனையே வேண்டும். உடல்நிலை, உணவு, பருவம் ஆகியவற்றை நோக்கி மருந்தளிக்கும் சித்த வைத்தியரின் அனுபவமும் அதில் இடம்பெறவேண்டும். அதனைச் செய்யாது எலியின் நீச்சலைச் சான்றாக்குதல் மரபுக்கும் விஞ்ஞானத்துக்கும் ஒருங்கே இழைக்கும் அநீதியாகும்.