தொளாயிரம் பாரும் கடல்புல்லும்

காம்பிள் தொடங்கி ஃபிஷர் முடித்த மெட்ராஸ் மாகாணத் தாவர நூலில் எட்டாம் பகுதியை (1928) மறுபடி புரட்டினேன். செடியை அடையாளம் காண இன்னிக்கும் உதவும், குறை சொல்ல முடியாது. ஆனா இடம்? 'கர்நாடிக்' மாதிரி பெரிய நிலப்பகுதி, கூடப்போனா மாவட்டம்.

ஹாலோஃபிலா பெக்காரி போன்ற அரிய கடல்புல் கழிமுகச் சேற்றில் சின்னத் திட்டாக வளரும். ஹெர்பேரியம் தாளில் 'டூட்டிகோரின்' என்று மட்டும் இருந்தால் எதை எடுத்துக்கொள்வது? பழைய துறைமுகமா, முயல் தீவா?

இதே கடலில் முத்துச்சிப்பிக்கு என்ன நடந்தது பாருங்க. ஒவ்வொரு பாருக்கும் தனிப் பெயர். ஆளை மூழ்கவிட்டு, சிப்பியை எண்ணிப் பார்த்த பிறகுதான் முத்துக்குளிப்பு அறிவிப்பு. தொளாயிரம் பார் எங்கே என்று வரைபடத்தில் காட்டலாம். அதில் அரசாங்கத்துக்கு வருமானம் இருந்தது, அவ்வளவுதான்.

டேட்டாபேஸில் வேலை பார்க்கிறவனாகச் சொல்கிறேன்: இடம் காலியாக இருந்தால்கூட யாராவது தேடுவாங்க. 'தூத்துக்குடி' என்று நிரப்பிவிட்டால் மென்பொருள் ஊர் நடுவே புள்ளி வைத்துவிடும். கடல்புல் பஸ் ஸ்டாண்டில் முளைக்கும்.